நிறுவனம் வளர்கிறது, தலைவர் வளர்கிறாரா?

பத்துப் பேர் பணியாற்றும் நிறுவனத்தில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் பேசிக்கொள்ள 45 தொடர்புகள் போதும். அங்கேயே ஆள்கள் நூறு பேராகிவிட்டால் அத்தொடர்புகள் 4,950 ஆகிவிடும். ஆள்பலம் பத்து மடங்காகும்போது தொடர்புகள் நூறு மடங்குக்கும் மேல் பெருகுகின்றன என்னும் இந்தக் கணக்கு, நல்ல பொருளும் நிறைய வாடிக்கையாளர்களும் கையில் பணமும் இருந்தும் வேகமாக வளரும் நிறுவனங்களின் நிர்வாகம் தடுமாறுவது ஏன் என்பதை ஓரளவு விளக்குகிறது. எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்து, எல்லா முடிவுகளையும் தாமே எடுத்து நிறுவனத்தை வளர்த்தெடுத்த தலைவரால் அதே முறையில் அதை மேற்கொண்டு நடத்த இயலாது. ஆயினும் தமக்கு வெற்றி தேடித் தந்த முறை அதுவே என்பதால் அதைக் கைவிட அவருக்கு மனம் வருவதில்லை. இந்த இக்கட்டில் தலைவருக்குத் துணைநிற்பதைத் தம் தொழிலாகக் கொண்டவரே தலைமைப் பயிற்சியாளர் எனப்படுகிறார்.

நிறுவனத்தின் சிக்கலை ஆராய்ந்து தீர்வை அறிக்கையாக எழுதித் தருபவர் ஆலோசகர். அதே துறையில் தாம் பெற்ற அனுபவத்தைக் கொண்டு வழி சொல்பவர் வழிகாட்டி. பயிற்சியாளரோ முடிவைத் தாம் சொல்லாமல், தலைவர் முடிவெடுக்கும் விதத்தைக் கவனித்து, அதில் அவர் கண்ணுக்குத் தப்பியதை அவர் காணும்படி செய்பவர். இம்முறை விளையாட்டுக் களத்திலிருந்து வந்தது. டிமதி கால்வே 1974-இல் டென்னிஸ் பற்றி எழுதிய நூல், ஆட்டக்காரர் எதிராளியை வெல்வதற்கு முன் தம் மனத்தின் குறுக்கீட்டை வெல்ல வேண்டும் என்று வாதிட்டது. முன்னாள் கார்ப் பந்தய வீரரான ஜான் விட்மோர் 1992-இல் வெளியிட்ட நூல், அக்கருத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, இலக்கு, நடப்பு நிலை, திறந்திருக்கும் வழிகள், செய்து முடிக்கும் உறுதி என்ற நான்கு படிகளில் கேள்விகளை அடுக்கும் முறையைப் பரவலாக்கியது.

வளர்ச்சி உண்டாக்கும் நெருக்கடிகள்

பொருளியலாளர் எடித் பென்ரோஸ் 1959-இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனம் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதற்கு வரம்பு கட்டுவது அதன் நிர்வாகிகளின் திறனே என்று நிறுவினார். புதிய நிர்வாகிகளைப் பணத்தால் வாங்கிவிடலாம் என்றாலும், அவர்களைப் பழக்கி நிறுவனத்தோடு ஒட்டவைக்கும் வேலை பழைய நிர்வாகிகளின் தலையில்தான் விழுகிறது. ஆகவே ஆட்களைச் சேர்க்கச் சேர்க்க, பழையவர்களுக்குத் தம் சொந்த வேலைக்குக் கிடைக்கும் நேரம் குறைந்துகொண்டே போகிறது.

ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் 1972-இல் லாரி கிரைனர் எழுதிய கட்டுரை இதை இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டியது. படைப்பூக்கத்தால் வளரும் நிறுவனம் முதலில் தலைமை நெருக்கடியைச் சந்திக்கிறது. உறுதியான தலைமை வந்து ஒழுங்குபடுத்தினால், கீழே உள்ளவர்களுக்குச் சுதந்திரம் போதவில்லை என்ற அடுத்த நெருக்கடி எழுகிறது. அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தால் மேலே இருப்பவர்களின் பிடி நழுவுகிறது. பிடியை மீட்க விதிகளும் படிவங்களும் கொண்டுவந்தால் சிவப்பு நாடா இறுக்குகிறது. ஒரு கட்டத்தின் தீர்வே அடுத்த கட்டத்தின் நோயாகிறது என்பது கிரைனரின் கருத்தின் சாரம். பல ஆண்டுகளில் மெல்ல வரவேண்டிய இந்த நெருக்கடிகள், ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் நிறுவனத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன.

இதில் தாக்குப்பிடிக்கும் நிறுவனர்கள் குறைவு. நோவம் வாசர்மேன் 212 அமெரிக்க ஸ்டார்ட்அப் நிறுவனங்களை ஆராய்ந்து 2008-இல் எழுதிய கட்டுரையின்படி, நிறுவனத்துக்கு மூன்று வயதாகும்போதே நிறுவனர்களில் பாதிப் பேர் தலைமைச் செயல் அதிகாரி பதவியில் இல்லை. பங்குச் சந்தையில் நிறுவனம் நுழையும் நாள்வரை அப்பதவியில் நீடித்தவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு.

கூகுளும் ஒரு கால்பந்துப் பயிற்சியாளரும்

தலைமைப் பயிற்சி என்ன செய்ய முடியும் என்பதற்கு மிக விரிவாகப் பதிவான எடுத்துக்காட்டு கூகுள் நிறுவனம். 1998-இல் தொடங்கிய அந்நிறுவனத்தில் 2001 இறுதியில் 284 பேர் பணியாற்றினர். 2004 இறுதியில் அந்த எண்ணிக்கை 3,021, 2007 இறுதியில் 16,805. நோவெல் (Novell) மென்பொருள் நிறுவனத்தின் தலைவராக இருந்து 2001-இல் கூகுளுக்குத் தலைமையேற்க வந்த எரிக் ஷ்மிட்டிடம், பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளுமாறு முதலீட்டாளர் ஜான் டோர் சொன்னபோது, இத்தனை அனுபவத்துக்குப் பிறகு தமக்கு எதற்குப் பயிற்சியாளர் என்றே ஷ்மிட் முதலில் தயங்கினார். டோர் பரிந்துரைத்தவர் பில் கேம்பல்.

கேம்பல் 1974 முதல் 1979 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு முதன்மைப் பயிற்சியாளராக இருந்து, 12 ஆட்டங்களில் வென்று 41 ஆட்டங்களில் தோற்றவர். ஆட்டக்காரர்களிடம் தாம் காட்டிய அளவுமீறிய பரிவே அதற்குக் காரணம் என்று கருதியவர். பின்பு விளம்பரத் துறைக்குச் சென்று, 1983-இல் ஆப்பிளில் சேர்ந்து, 1994 முதல் 1998 வரை இன்ட்யூட் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாகவும் பணியாற்றினார். களத்தில் குறையாகப் போன அந்தப் பரிவு, நிறுவனத் தலைவர்களின் அறைக்குள் அவருடைய பெரும்பலமாயிற்று.

அவர் செயல்பட்ட விதத்துக்கு ஒரு நிகழ்வு சான்று. இடைநிலை மேலாளர்கள் பொறியாளர்களின் வேலைக்கு இடையூறு என்று கருதிய, கூகுளின் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ், 2001-இல் அந்த அடுக்கையே நீக்கிவிட, நூற்றுக்கும் மேற்பட்ட பொறியாளர்கள் ஒரே அதிகாரியின் கீழ் நேரடியாக வந்தனர். இந்த ஏற்பாடு சரியா தவறா என்று பேஜுடன் கேம்பல் தர்க்கம் செய்யவில்லை. பொறியாளர்களையே கேட்டுவிடலாம் என்று சொல்லி, அவரை அழைத்துச் சென்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டார். மேலாளர் வேண்டும் என்றே அவர்கள் சொன்னார்கள். கற்றுக்கொள்ள ஒருவர் தேவை, கருத்து வேறுபட்டு இழுபறி ஏற்பட்டால் முடித்துவைக்க ஒருவர் தேவை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். மேலாளர்கள் திரும்ப வந்தனர். பேஜ் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டது மற்றொருவரின் வாதத்துக்குப் பணிந்து அன்று, தாமே காதால் கேட்ட சான்றை வைத்து என்பதே இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியது.

தலைவரின் தன்மானம் புண்படும் வேளையிலும் பயிற்சியாளருக்கு வேலை உண்டு. பங்கு வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்னர், 2004-இல், இயக்குநர் குழுத் தலைவர் பதவியை விட்டு விலகுமாறு ஷ்மிட்டிடம் கேட்கப்பட்டபோது, அவர் நிறுவனத்தைவிட்டே போய்விட எண்ணினார். அவருடைய வருத்தம் நியாயமானது என்பதை ஒப்புக்கொண்ட கேம்பல், அப்போதைக்கு விலகிக்கொண்டு காலம் கனியும்போது திரும்பலாம் என்று எடுத்துரைத்தார். ஷ்மிட் 2007-இல் அப்பதவிக்குத் திரும்பினார். இச்செய்திகளை ஷ்மிட்டும் அவருடைய சக அதிகாரிகள் இருவரும் 'டிரில்லியன் டாலர் கோச்' என்ற நூலில் 2019-இல் எழுதினர்.

கேம்பல் தலைவரை மட்டும் தனியே சந்தித்துவிட்டுப் போகவில்லை. வாராந்தர நிர்வாகக் கூட்டங்களிலும் உட்கார்ந்து, யார் பேசுகிறார், யார் வாய் மூடியிருக்கிறார், எந்தப் பேச்சு பாதியில் அறுகிறது என்பதைக் கவனித்தார். தலைவர் தம்மைப் பற்றிச் சொல்லும் கதைக்கும் கூட்டத்தில் அவர் நடந்துகொள்வதற்கும் உள்ள இடைவெளியை நேரில் பார்த்தவராலேயே பயிற்சி அளிக்க முடியும். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்து, 2015-இல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியான சுந்தர் பிச்சையும் கேம்பலிடம் பயிற்சி பெற்றவர்தான். இந்த வாரம் எந்த இழுபறியை முடித்துவைத்தீர்கள் என்று கேம்பல் தம்மிடம் தவறாமல் கேட்பார் என்பதை அவர் நினைவுகூர்ந்துள்ளார். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் தலைவரின் வேலை எல்லாவற்றையும் முடிவுசெய்வதன்று, மற்றவர்களால் தீர்க்க முடியாமல் தேங்கி நிற்பதைத் தள்ளிப்போடாமல் தீர்ப்பது என்னும் பாடம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

நம்பிக்கையின் மறுபக்கம்

இவ்வளவு நெருக்கம் ஆபத்தும் உடையது. கேம்பல் கூகுளுக்குப் பயிற்சியளித்த ஆண்டுகளிலேயே ஆப்பிளின் இயக்குநர் குழுவில் இருந்தார்; இன்ட்யூட்டின் இயக்குநர் குழுத் தலைவராகவும் இருந்தார். ஒருவர் ஊழியரை மற்றவர் வலிந்து அழைத்து வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, ஊழியர்களின் சம்பள உயர்வுக்குத் தடையாக இருந்தது என்று வழக்குத் தொடுக்கப்பட்டபோது, அந்த நிறுவனங்களுக்கிடையே பேச்சு நடத்தியவர்களில் ஒருவராகக் கேம்பலின் பெயர் நீதிமன்ற ஆவணங்களில் இடம்பெற்றது. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகிய நான்கும் 2015-இல் 41.5 கோடி டாலர் கொடுத்து அவ்வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டன. பல நிறுவனங்களின் உள்விவரம் அறிந்த ஒருவர், எந்த நாற்காலியில் யாருக்காக உட்கார்ந்திருக்கிறார் என்பது தெளிவாக வரையறுக்கப்படாவிட்டால், தலைவர்களுக்கு நன்மையாவது ஊழியர்களுக்குத் தீமையாக முடியலாம் என்பதற்கு இது எச்சரிக்கை.

ஆகவே பயிற்சியாளரைத் தேடும் நிறுவனம் அவருடைய சான்றிதழைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். அவருக்குப் பணம் கொடுப்பது தலைவரா, இயக்குநர் குழுவா. தலைவர் மனம்திறந்து பேசுவது முதலீட்டாளரின் காதுக்குப் போகுமா. போட்டி நிறுவனம் எதிலாவது அவருக்குப் பொறுப்பு உண்டா. கூட்டங்களை நேரில் காண அவருக்கு அனுமதி உண்டா. அவர் துணையின்றித் தலைவர் தாமே செயல்படும் நாள் எது என்பது முன்கூட்டியே பேசப்பட்டதா? இவற்றுக்கு விடை கிடைத்தபின், தலைவர் தம் தரப்பில் விடை சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: தமக்குக் கசப்பான ஒன்றைக் கேட்டுக்கொள்ள அவர் ஆயத்தமா என்பது. அதற்கு விடை 'இல்லை' என்பதானால், எவ்வளவு பெரிய பயிற்சியாளரை அமர்த்தினாலும் அது வீண் செலவே.