குவார்ட்டர்பேக் மதிப்பீடு (என்.எஃப்.எல்.)

குவார்ட்டர்பேக் மதிப்பீடு என்பது அமெரிக்கக் காற்பந்தின் தொழில்முறைக் கூட்டிணைவான என்.எஃப்.எல். அணிகள், கல்லூரிகளில் ஆடும் குவார்ட்டர்பேக்குகளின் திறனை டிராஃப்ட் எனப்படும் வீரர் தெரிவுக்கு முன்னர் ஆராயும் முறையாகும். குவார்ட்டர்பேக் என்பவர் தாக்கும் அணியை வழிநடத்தும் வீரர் ஆவார். பந்து கைக்கு வந்த ஓரிரு நொடிகளில் அதை யாருக்கு எறிவது என அவர் முடிவு செய்தல் வேண்டும்.

டிராஃப்ட்

டிராஃப்ட் 1936 முதல் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 32 அணிகள் 7 சுற்றுகளில் வீரர்களைத் தெரிவு செய்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசி நிலையில் இருந்த அணிக்கு முதல் வாய்ப்பு வழங்கப்படுகிறது. அணிகள் தம் வாய்ப்புகளைப் பிற அணிகளுடன் மாற்றிக்கொள்ளவும் முடியும். உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாதவர்கள் இதில் தெரிவு செய்யப்படுவதில்லை.

மதிப்பீட்டு முறைகள்

ஸ்கவுட் எனப்படும் திறன் தேடுநர்கள் கல்லூரி ஆட்டங்களை நேரிலும் காணொளியிலும் பார்த்து அறிக்கை எழுதுகின்றனர். எறிதலின் துல்லியம், எதிரணியினர் நெருங்கும்போது காட்டும் நிதானம், தடுப்பாட்ட அமைப்பை அறிந்துகொள்ளும் திறன் ஆகியவை கவனிக்கப்படுகின்றன. கல்லூரிப் பயிற்சியாளர்களிடமும் விசாரிக்கப்படுகிறது.

இண்டியானாபொலிசு நகரில் 1987 முதல் நடைபெற்றுவரும் கம்பைன் என்னும் சோதனை முகாமில் உயரம், எடை, உள்ளங்கையின் அளவு, 40 யார் (சுமார் 36.6 மீட்டர்) ஓட்ட நேரம் போன்றவை அளவிடப்படுகின்றன. மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் உண்டு. நேர்காணல்களில் வீரர் தம் ஆட்டத் திட்டங்களைப் பலகையில் வரைந்து விளக்குமாறு கேட்கப்படலாம். 12 நிமிடங்களில் 50 வினாக்கள் கொண்ட வொண்டர்லிக் தேர்வு 2022 இல் இம்முகாமிலிருந்து நீக்கப்பட்டது.

சிக்கல்கள்

உடல் அளவுகளை எளிதில் எண்ணில் தரலாம். நெருக்கடியில் எடுக்கும் முடிவை அவ்வாறு அளக்க இயலாது. மேலும், கல்லூரி ஆட்டத் திட்டங்கள் பல என்.எஃப்.எல். திட்டங்களைவிட எளிமையானவை. கல்லூரித் தடுப்பாட்டத்தின் வேகமும் குறைவு. எனவே, கல்லூரியில் பெற்ற வெற்றி மட்டும் போதிய சான்றாவதில்லை.

1998 இல் பெய்ட்டன் மேனிங், இரயன் லீஃப் ஆகிய இருவரில் சிறந்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு நிலவியது. முதலில் தெரிவான மேனிங் ஐந்து முறை மிகச்சிறந்த வீரர் விருது பெற்றார். இரண்டாவதாகத் தெரிவான லீஃப் 2001 பருவத்திற்குப் பின் எந்த என்.எஃப்.எல். ஆட்டத்திலும் ஆடவில்லை. 2000 ஆம் ஆண்டு கம்பைனில் 40 யார் தொலைவை 5.28 நொடிகளில், மெதுவாகவே ஓடிய டாம் பிரேடி, ஆறாம் சுற்றில் 199 ஆவது வீரராகத் தெரிவானார். பின்னர் அவர் ஏழு சூப்பர் போல் வெற்றிகளைப் பெற்றார்.

ஒரே அணியின் அனுபவமும் இதனை விளக்குகிறது. சான் பிரான்சிசுக்கோ 49அர்சு அணி 2021 இல் மூன்று முதற்சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து மூன்றாம் இடத்தைப் பெற்று, டிரே இலான்சைத் தெரிவு செய்தது. கல்லூரியில் 17 ஆட்டங்களில் மட்டுமே தொடக்க வீரராக ஆடியிருந்த அவர், 2022 இல் கணுக்காலில் காயமுற்றார். 2023 இல் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். அதே அணி 2022 டிராஃப்டின் கடைசி வீரராக, 262 ஆவது இடத்தில் பிராக் பர்டியைத் தெரிவு செய்தது. 2024 பெப்ரவரியில் நடந்த சூப்பர் போல் ஆட்டத்தில் அவ்வணியின் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் பர்டி ஆவார்.