பழைய டோசரும் மறந்துபோன இலக்கமும்

டோசர் வாடகைக்கு விடுவது எனது தொழில். அம்பாறை மாவட்டத்தில் பெரும்போக விதைப்புக்கு முந்திய சில வாரங்களே வயல் மட்டப்படுத்தும் காலம். அந்நேரம் பார்த்து எனது பழைய டோசர் இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது.

இடப்பக்க ஸ்டியரிங் கிளச் தட்டுக்கள் தேய்ந்துவிட்டன என்றார் ஒருவர். உடனே கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சென்றேன். கடைக்காரர் தொடரிலக்கம் கேட்டார். நான் குறித்துச் செல்லவில்லை. மொடல் பெயரைச் சொல்லிப் பாவித்த தட்டுக்களை வாங்கி வந்தேன், பொருந்தவில்லை. மொடல் ஒன்றாயினும் தொடர் மாறினால் பாகமும் மாறலாம் என்பது அன்றுதான் விளங்கியது. தட்டுக் காசும் மூன்று நாள் வாடகையும் நஷ்டம்.

பிறகு வயதான மெக்கானிக் ஒருவரை நாடினேன். "தம்பி, கழட்ட முந்தி கிளச் பெட்டிக்குக் கீழ இருக்கிற அடைப்பானைத் திறந்து பாருங்க" என்றார். திறந்ததும் ஒயில் கொட்டியது. உலர்ந்திருக்க வேண்டிய கிளச்சுக்குள், சீல் பழுதானதால் கியர் ஒயில் இறங்கித் தட்டுக்கள் வழுக்கியிருக்கின்றன. கிளச்சைக் கழற்றிச் சீலை மாற்றி, பழைய தட்டுக்களையே கழுவிப் பூட்டினோம். டோசர் நேராக ஓடியது.

பழைய இயந்திரம் வைத்திருக்கும் சகோதரர்களே! மொடலையும் தொடரிலக்கத்தையும் கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். உதவி கேட்கும்போது இன்ன பாகம் வேண்டும் என்று சொல்லாதீர்கள். எந்தப் பக்கம் இழுக்கிறது, ஆரம்பத்திலா சூடேறிய பின்பா என்று, நடப்பதைச் சொல்லுங்கள். பாகத்தைப் பிறகு வாங்கலாம்.