செய்தி நின்ற காலை

தோட்டப்புறத்திலோ சிறு பட்டணத்திலோ வளர்ந்தவர்களுக்குத் தேநீர்க் கடையின் நாளேடு நினைவிருக்கும். கடைக்காரர் வாங்கிப் போடுவது ஒரே ஒரு பிரதி. நால்வர் அதை நான்கு தாளாகப் பிரித்துக்கொண்டு வாசிப்பார்கள். எழுத்தறியாத முதியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து காது கொடுப்பார். அவர்களில் எவரும் செய்தி வாசிப்பதற்கென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் அல்லர். தேநீர் அருந்த வந்தார்கள்; செய்தியும் கிடைத்தது.

இன்று பேஸ்புக் என்னும் முகநூல் பலருக்கு அந்தக் கடைப் பலகையாக அமைந்துவிட்டது. அண்ணன் மகளின் பிறந்தநாள் படத்தைப் பார்க்கப் போகிறவர் வழியில் வெள்ளச் செய்தியையும் விலைவாசிச் செய்தியையும் கண்டு திரும்புகிறார். அந்தப் பலகையிலிருந்து ஒரு நாள் நாளேட்டை எடுத்துவிட்டால் மக்கள் என்ன செய்வார்கள்? இதற்கு நாம் ஊகமாக விடை தேட வேண்டியதில்லை. 2021இல் ஆஸ்திரேலியாவிலும் 2023இல் கனடாவிலும் இது உண்மையாகவே நடந்தது. அவ்வேளையில் மக்கள் நடந்துகொண்ட விதமே இன்றைய நம் பேச்சின் பொருள்.

முதலில் வழக்கு என்னவென்று தெரிந்துகொள்வோம். நாளேடுகளைக் காலங்காலமாகத் தாங்கி நின்றது வாசகர் கொடுக்கும் காசு மட்டுமன்று. விளம்பரப் பணமே பெருந்தூண். அந்தத் தூண் இடம் மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவின் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் கணக்கிட்டுச் சொன்னது இது: இணைய விளம்பரத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு 100 டாலரிலும், வரி விளம்பரங்கள் நீங்கலாக, 53 டாலர் கூகுளுக்கும் 28 டாலர் பேஸ்புக்கிற்கும் போய்ச் சேர்ந்தது. எஞ்சிய 19 டாலரைத்தான் மற்ற அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே ஆஸ்திரேலிய அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. செய்தியைத் தங்கள் தளங்களில் காட்டும் நிறுவனங்கள் செய்தியாளர் நிறுவனங்களோடு பேரம் பேசி ஒரு தொகை தர வேண்டும். பேரம் படியாவிட்டால் நடுவர் ஒருவர் வருவார். இரு தரப்பும் ஆளுக்கொரு தொகையை எழுதிக் கொடுக்க, நடுவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பாதிக்குப் பாதி என்று சமரசம் செய்யும் வழக்கம் அதில் இல்லை.

பேஸ்புக் இதை ஏற்கவில்லை. “செய்தியை நாங்கள் திருடிக்கொண்டு வரவில்லை, செய்தியாளர்களே தங்கள் விருப்பத்தோடு கொண்டுவந்து போடுகிறார்கள். எங்கள் தளத்தில் மக்கள் காண்பவற்றுள் செய்தி 4 விழுக்காட்டுக்கும் குறைவு” என்பது அந்நிறுவனத்தின் வாதம். இதை வெறும் பணக்காரர் பிடிவாதம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ அவர்களே, ஓர் இணைப்பைக் காட்டுவதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்னும் நிலை வலையின் அடிப்படைக்கே ஊறு செய்யும் என்று ஆஸ்திரேலிய நாடாளுமன்ற மேலவைக் குழுவிடம் எச்சரித்திருந்தார்.

2021 பிப்ரவரி 18, வியாழக்கிழமை. அன்று காலை ஆஸ்திரேலியர்கள் கண்விழித்தபோது பேஸ்புக்கில் செய்தி இல்லை. உள்நாட்டுச் செய்தியும் இல்லை, வெளிநாட்டுச் செய்தியும் இல்லை. நாளேடுகளின் பக்கங்கள் பெயர்ப்பலகை மட்டும் மாட்டிய பூட்டிய கடைகளைப் போல் நின்றன. செய்தியை எடுத்து நண்பருக்குப் போட முயன்றவர்களுக்கு அது முடியாது என்னும் அறிவிப்பே கிடைத்தது. இங்கே கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஓர் ஆஸ்திரேலிய நாளேட்டின் பேஸ்புக் பக்கத்தைத் திறந்தவரும் வெறுமையைத்தான் கண்டிருப்பார். ஏனெனில் அந்நாட்டு நாளேடுகளின் பக்கங்கள் உலகெங்கும் மறைக்கப்பட்டன.

இவ்வளவோடு நின்றிருந்தால் மக்களின் சினம் எத்தகையதாக இருந்திருக்கும் என்று சொல்வது கடினம். தடை அவ்வளவோடு நிற்கவில்லை. செய்தியோடு சேர்ந்து செய்தியல்லாதவையும் அடைபட்டன. வானிலைத் துறையின் பக்கம் போயிற்று. குவீன்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறையின் பக்கம் போயிற்று. அதுவும் கொரோனாத் தடுப்பூசி போடும் பணி அடுத்த சில நாள்களில் தொடங்கவிருந்த நேரத்தில்! மேற்கு ஆஸ்திரேலியாவில் அது காட்டுத்தீப் பருவம். அங்கே தீயணைப்பு, அவசரச் சேவைத் துறையின் பக்கமும் மறைந்தது. இல்லத்தில் அடிபடும் பெண்களுக்கான உதவிச் சேவையும், ஹோபார்ட் நகரில் அத்தகைய பெண்களுக்குத் தங்குமிடம் தரும் இல்லமும், ஏழைகளுக்கு உணவு வழங்கும் அமைப்பும் அந்த வலையில் சிக்கின. பூர்வகுடி மக்களின் செய்தி நிறுவனங்களும் தப்பவில்லை. வேடிக்கை என்னவென்றால் பேஸ்புக் தன்னுடைய சொந்தப் பக்கத்தையே அன்று சிறிது நேரம் மறைத்துவிட்டது.

செய்தி என்றால் என்ன என்பதைச் சட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை, ஆதலால் நாங்கள் அகலமாக வலை வீசினோம் என்று அந்நிறுவனம் விளக்கம் கூறியது. அரசாங்கப் பக்கங்களைத் தவறுதலாக மறைத்ததைச் சரிசெய்வதாகவும் சொல்லிற்று. பல பக்கங்கள் அன்றே திரும்பின. அந்த அகல வலை வேண்டுமென்றே வீசப்பட்டது என்று நிறுவனத்துக்குள் இருந்தே சிலர் குற்றஞ்சாட்டியதாக 2022இல் அமெரிக்க நாளேடு ஒன்று எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது.

மக்களின் சினம் எங்கே பற்றிக்கொண்டது என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நாளேடு போயிற்றே என்று எழுந்த குரலைவிட, தீயும் நோயும் நாட்டில் இருக்கும்போது எச்சரிக்கைப் பக்கம் போயிற்றே என்று எழுந்த குரல்தான் உரத்தது. பேஸ்புக்கை அழித்துவிடுங்கள் என்னும் முழக்கம் அதன் போட்டித் தளங்களில் பரவியது. ஏ.பி.சி. என்னும் பொது ஒலிபரப்புக் கழகத்தின் செய்திச் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டவர் தொகை உயர்ந்து, அச்செயலி அந்நாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பிரதமர் ஸ்காட் மோரிசன், ஆஸ்திரேலியாவை நட்பிலிருந்து நீக்கும் இச்செயல் ஆணவமானது, ஏமாற்றம் தருவது என்று கண்டித்தார். அந்தக் கண்டனத்தை அவர் எங்கே எழுதினார் தெரியுமா? பேஸ்புக்கில்தான்! மக்களை எட்ட அவருக்கும் அதுவே வழியாக இருந்தது.

எல்லாரும் நாளேடுகளின் பக்கம் நின்றார்கள் என்றும் எண்ணிவிடக்கூடாது. ஆஸ்திரேலிய நாளேடுகளில் பெரும்பகுதி ரூப்பர்ட் மர்டோக் குடும்பத்தின் கையில் இருப்பது அங்கே நெடுநாள் மனக்குறை. முந்தைய ஆண்டின் இறுதியில்தான் முன்னாள் பிரதமர் கெவின் ரட் தொடங்கிய விண்ணப்பத்தில், அந்தச் செய்தி ஆதிக்கத்தை விசாரிக்க அரச ஆணையம் வேண்டுமென்று 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டிருந்தனர். அவர்களுள் பலருக்கு இது இரண்டு செல்வந்தர்கள் வாய்க்கால் நீருக்குப் போட்ட சண்டையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

நிதியமைச்சர் ஜோஷ் பிரைடன்பெர்க் அவர்களும் பேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பெர்க் அவர்களும் பேசினார்கள். பிப்ரவரி 23ஆம் நாள் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. சட்டத்தில் சில விதிகள் தளர்த்தப்பட்டு 25ஆம் நாள் அது நிறைவேறியது. செய்தியும் திரும்பியது. அதன்பின் பல நாளேடுகளுக்கு ஒப்பந்தம் கிடைத்தது, எல்லாருக்கும் கிடைக்கவில்லை. தமிழ் உள்ளிட்ட 60க்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிபரப்பும் எஸ்.பி.எஸ். நிறுவனத்தோடு பேஸ்புக் ஒப்பந்தம் செய்துகொள்ள மறுத்துவிட்டது. சண்டை ஓய்ந்த மகிழ்ச்சியில் இதைப் பெரிதாகப் பேசியவர் சிலரே.

இனிக் கனடாவுக்கு வருவோம். அங்கும் ஏறக்குறைய அதே சட்டம். 2023 ஜூன் 22ஆம் நாள் அது நிறைவேறியது. பேஸ்புக்கின் தாய் நிறுவனம் அப்போது மெட்டா என்று பெயர் மாறியிருந்தது. ஆகஸ்டு 1ஆம் நாள் அது தடையைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் செய்ததைப்போல் ஒரே காலையில் அடைக்கவில்லை. சில வாரங்களில் படிப்படியாக, ஒருவருக்கு இன்று, மற்றொருவருக்கு அடுத்த வாரம் என்று செய்தி விலகிக்கொண்டே போயிற்று. அரசாங்கப் பக்கங்களில் கை வைக்கவில்லை. ஒரே வீட்டில் கணவருக்கு வரும் செய்தி மனைவிக்கு வராது என்னும் நிலையில், எதைச் சுட்டிக் கோபப்படுவது? எனவே ஆஸ்திரேலியாவில் எழுந்த ஆரவாரம் இங்கே எழவில்லை.

பிறகு தீ வந்தது. கனடாவின் வடபகுதியில் யெல்லோநைஃப் என்றொரு நகரம் உண்டு. மக்கள்தொகை ஏறக்குறைய 20,000. ஆகஸ்டு 16ஆம் நாள் மாலை, நகரைவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. தெற்கே செல்ல ஒரே நெடுஞ்சாலை. பெருநகரமாகிய எட்மண்டனுக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். வழியில் எங்கே எரிகிறது, எந்த நிலையத்தில் எண்ணெய் இருக்கிறது, எங்கே இரவு தங்கலாம் என்பதெல்லாம் உயிர்ச் செய்திகள். அந்நகரில் கேபின் ரேடியோ என்னும் சிறு வானொலி நிறுவனம் இணையம் வழிச் செய்தி தந்துகொண்டிருந்தது. ஆனால் நகரத்தார் கூடிப் பேசும் பேஸ்புக் குழுக்களில் அதன் செய்தி இணைப்பைப் போட இயலவில்லை.

மக்கள் தாமாகவே ஒரு வழி கண்டார்கள். செய்திப் பக்கத்தைக் கைப்பேசித் திரையிலேயே படமாகப் பிடித்து, அந்தப் படத்தைக் குழுவில் போட்டார்கள். சிலர் செய்தியின் சொற்களை மட்டும் பெயர்த்து ஒட்டினார்கள். இது மக்களின் சாமர்த்தியம், பாராட்டத்தக்கது. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. இணைப்பைத் தொட்டுச் செய்தியாளரின் பக்கத்துக்குப் போகிறவர் அப்போதைய நிலவரத்தைக் காண்பார். படம் அப்படியன்று. அது பிடித்த நேரத்திலேயே நின்றுவிடும். காலை பத்து மணிக்குத் திறந்திருந்த சாலை மாலையில் மூடப்பட்டாலும், படத்தில் அது திறந்தே இருக்கும். யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதும் பல வேளைகளில் வெட்டுப்பட்டுப் போகும்.

ஆகஸ்டு 21ஆம் நாள் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, மக்களின் பாதுகாப்பைவிட இலாபத்தை மேலாக வைக்கிறார்கள் என்று கடுமையாகச் சாடினார். அதிகாரத் துறைகளின் பக்கங்களும், ‘நான் பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்று உறவினருக்குத் தெரிவிக்கும் வசதியும் எங்கள் தளத்தில் இருக்கின்றனவே என்று மெட்டா பதிலளித்தது. இரண்டு நாள்களுக்குப் பேஸ்புக்கைத் தொடாதீர்கள் என்று ஊடக ஆதரவு அமைப்பொன்று மக்களை அழைத்தது. விளைவு என்ன? அம்மாதத்துப் பயன்பாட்டைக் கணக்கிட்ட நிறுவனங்கள், கனடாவில் பேஸ்புக்கைப் பார்ப்போர் தொகையிலோ செலவிடும் நேரத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை.

இதைக் கேட்டு அம்மக்களைக் குறைகூறுவது எளிது. நாம் கூறமாட்டோம். பள்ளிப் பெற்றோர் குழுவும், பழைய நண்பர்களும், மாமியார் வீட்டுச் சேதியும் ஒரே இடத்தில் இருக்கும்போது, நாளேடு இல்லை என்பதற்காகக் கடைக்குப் போவதையே யார் விடுவார்? வெளியேறுவதென்றால் செய்தியை மட்டுமன்று, மனிதர்களையும் விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது.

ஓராண்டு கழித்து, 2024இல், மெக்கில், டொரோன்டோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதில் நம்மைத் திடுக்கிட வைப்பது இதுதான்: கனடியருள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கு இப்படியொரு தடை இருப்பதே தெரியவில்லை. அரசியல் பேச்சு அத்தளத்தில் குறையவில்லை. ஆகவே செய்தி வந்துகொண்டிருக்கிறது என்றே பலர் எண்ணியிருந்தனர். அடிபட்டவை சிற்றூர்ச் செய்தி நிறுவனங்கள். பெரிய நாளேட்டுக்கு வாசகர் நேரே போவர். சிற்றூர் ஏட்டுக்கோ அந்தப் பலகையைத் தவிர வேறு வாசல் அதிகம் இல்லை. கூகுள் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு தடையைத் தவிர்த்தது. மெட்டா இறங்கிவரவில்லை. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் கனடாவில் நடந்த பொதுத்தேர்தலும் பேஸ்புக்கில் செய்தி நிறுவனங்கள் இல்லாமலே நடந்து முடிந்தது.

நம் நாட்டிலே 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது, காசு கொடுத்து வாங்கிய வாசகர்களுக்கு மறுநாள் காலையிலேயே கை வெறுமையாயிற்று. காத்திருந்தவருக்குத்தான் வராதது தெரியும். முகநூலிலும் புலனத்திலும் வந்து விழும் செய்திக்கு நாம் காத்திருப்பதில்லை. அது எந்த நாளேட்டினுடையது என்றுகூடப் பல நேரங்களில் நாம் பார்ப்பதில்லை.

2023 செப்டம்பர் தொடக்கத்தில், இத்தகைய சட்டம் ஒன்று மலேசியாவுக்கும் வேண்டுமா என்று ஆராய்ந்து வருவதாகவும், கூகுள், மெட்டா நிறுவனங்களோடு பேசியிருப்பதாகவும் நம் தொடர்பு, பல்லூடக ஆணையம் அறிவித்தது. யெல்லோநைஃப் நகர மக்கள் வீடு திரும்ப அனுமதி கிடைத்ததும் அதே வாரத்தில்தான்.