உஷார்! இத்தாலி டூருக்கு அப்பா அம்மாவை அனுப்புகிறீர்களா? பஸ் எங்கே நிற்கும் என்று முதலில் கேளுங்கள்

ரோம், பைசா கோபுரம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என நாலு படம், கீழே ஒரு தொகை. ஐரோப்பா டூர் விளம்பரத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் பெற்றோருக்காக அட்வான்ஸ் கட்டிவிடுகிறார்கள். இந்தியச் சாப்பாடு கிடைக்குமா என்று மறக்காமல் கேட்கிறோம். பஸ்ஸை விட்டு இறங்கியபின் எவ்வளவு தூரம் நடக்கணும், எத்தனை படி ஏறணும், பெட்டியை யார் தூக்குவார்கள் என்று கேட்பதில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து காத்திருப்பது பார்க்கும் இடத்தில் இல்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியில்தான்.

ஏ.சி. கோச் வாசல் வரை வராது

இத்தாலியின் பழைய நகரங்களுக்குள் சுற்றுலா பஸ்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பைசாவில் பஸ்களுக்கான நிறுத்துமிடம் கோபுரத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இணைப்பு வண்டியில் போகலாம், இல்லையென்றால் நடைதான். ஃபிளாரன்ஸிலும் நகர மையத்துக்கு வெளியே இறங்கி நடக்க வேண்டும். ரோமில் நகருக்குள் நுழையவே பஸ்ஸுக்குத் தனி அனுமதி வேண்டும். அங்கே பல தெருக்களில் பாவியிருப்பது மேடும் பள்ளமுமான சிறு கருங்கற்கள். மூட்டு வலி உள்ளவர்கள் கால் இடறி விழ அது போதும்.

வெனிஸ் இன்னும் கடினம். பழைய நகருக்குள் காரோ பஸ்ஸோ கிடையாது. பஸ் ட்ரோன்கெட்டோ தீவோடு நின்றுவிடும், அங்கிருந்து படகு. நகருக்குள் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். 'வெனிஸ் நடைச் சுற்றுலா' என்று திட்டத்தில் ஒரே வரியில் எழுதியிருப்பதற்குள் இத்தனை ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இது உடம்பை உலுக்கிவிடும்.

நாலு மணி நேரம் அசையாமல் உட்காராதீர்கள்

நாலு மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்தபடி பயணம் செய்தால், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஐரோப்பிய விதிப்படி, டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். அது டிரைவருக்கான கணக்கு. உங்கள் பெற்றோருக்கு அதை நம்பி இருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பஸ் நிற்குமா என்று கேளுங்கள். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று பயந்து தண்ணீர் குடிக்காமலே வருகிறவர்கள் ஏராளம். சிறுநீர் பிரியவைக்கும் பிரஷர் மாத்திரையை அந்தப் பயத்திலேயே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே விபரீதம். மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமானால், கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

ரயில் வசதிதான், ஆனால்…

ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு. வயதானவர்களுக்குப் பஸ்ஸைவிட ரயிலே மேல். ஆனால் நம் ஊர் போல சிவப்புச் சட்டை போர்ட்டரை எதிர்பார்க்காதீர்கள். பல ரயில்களில் படியேறித்தான் உள்ளே போக வேண்டும். வண்டி நிற்பதோ சில நிமிடம். தானே தூக்க முடியாத பெட்டியை எடுத்துப் போகவே கூடாது.

நடக்கச் சிரமப்படுவோருக்கு முக்கிய நிலையங்களில் 'சாலா ப்ளூ' என்ற உதவி மையம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் அழைத்துப் போய், தூக்கும் கருவி வைத்து ரயிலில் ஏற்றிவிடுவார்கள். கட்டணம் இல்லை. ஆனால் குறைந்தது ஒரு நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

இன்னும் மூன்று விஷயங்களில் உஷார்! உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கே அபராதம். வெனிஸுக்கு இரண்டு நிலையங்கள்: மெஸ்ட்ரே நிலப்பகுதியில் இருக்கிறது, சான்டா லூச்சியாதான் தீவில். மாறி இறங்கினால் பெட்டியோடு அலைச்சல். 'ஷோபெரோ' என்று அறிவிப்பு கண்டால் அன்று வேலைநிறுத்தம். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறைந்தபட்ச உள்ளூர் ரயில்கள் ஓடும்.

டாக்ஸி, வாடகைக் கார்

நிலையத்திலும் விமான நிலையத்திலும் "டாக்ஸி, டாக்ஸி" என்று அருகில் வந்து கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள். ரோமின் உரிமம் பெற்ற டாக்ஸி வெள்ளை நிறம். கூரையில் பலகை, கதவில் எண், உள்ளே மீட்டர். ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து பழைய மதில்களுக்குள் இருக்கும் ரோமுக்குப் போக நிர்ணயித்த கட்டணம் உண்டு. 2024-இல் அது 55 யூரோ ஆனது. பெட்டிக்குத் தனிக் காசு இல்லை. ஏறும் முன் அப்போதைய கட்டணத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்பாவே கார் ஓட்டுகிறேன் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். சில நிறுவனங்கள் வயது உச்சவரம்பும் வைத்திருக்கின்றன. நகர மையங்களில் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்தும் அபராதம் வீடு தேடி வரும். வாடகை நிறுவனம் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் போடும்.

அட்வான்ஸ் கட்டும் முன்

இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்:

• ஒவ்வொரு ஊரிலும் பஸ் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடை, எத்தனை படி?
• நடக்க முடியாதவருக்கு அந்த இடத்தில் மாற்று வண்டி உண்டா, கட்டணம் யாருடையது?
• ஒரே மூச்சில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் பஸ் ஓடும்?
• ஹோட்டலில் லிஃப்ட் உண்டா? பெட்டியை அறைவரை யார் கொண்டுவருவார்?
• குழுவோடு போக முடியாமல் ஒருவர் பின்தங்கினால் அவருடன் இருக்கப்போவது யார்?

விமான நிலையச் சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் அது சட்டப்படி இலவசம். ஆனால் அந்த உதவி விமான நிலைய வாசலோடு முடிந்துவிடும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் சர்க்கரை, இதய நோய் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் கைவிடப்படுவது உங்கள் பெற்றோர்தான். அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அவர்கள் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயுள் முழுக்க உழைத்தவர்கள் அவர்கள், போய்வரட்டும். ஆனால் மேலே உள்ள கேள்விகளுக்கு 'பார்த்துக்கலாம் சார்' என்று மழுப்புகிற டூர் கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.