நேரம் பார்ப்பவர், புள்ளி எழுதுபவர்

கராத்தே சண்டைப் போட்டியில் மேட் மேல் தலைமை நடுவர் ஒருவர் நிற்பார். துணை நடுவர்கள் நால்வர் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள். ஓரத்து மேசையில் கடிகாரத்தையும் புள்ளிப்பலகையையும் கவனிப்பவர்களோ பெரும்பாலும் மாணவர்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வட்டாரத்து வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ நடத்தும் சிறு போட்டிகளுக்கு இந்த உதவி இல்லாமல் முடியாது. சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடும் ஒரு சான்றிதழும் கிடைக்கும்.

வேலை காலையில் எடை போடுவதில் தொடங்குகிறது. வயதுச் சான்றைச் சரிபார்த்து, எடைப் பிரிவுவாரியாகப் பெயர் எழுதி, டிரா போட வேண்டும். ஒரு பிரிவில் 11 பேர் என்றால் அட்டவணை 16 பேருக்கானது. மீதி 5 இடங்களுக்கு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. தோற்றவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. இறுதிக்கு வந்தவரிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்கான மறுவாய்ப்புச் சுற்று உண்டு என்று அறிவித்திருந்தால், பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். அழுதுகொண்டே கிளம்பிவிட்ட சிறுவனை வாசல் வரை ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டிவருவதும் மாணவர் வேலைதான்.

மேசையில் இருப்பவற்றிலேயே கடினமானது கடிகாரம். உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி பெரியவர்களுக்கு 3 நிமிடம், இளையோருக்கு 2 நிமிடம். நடுவர் 'ஹஜிமே' என்றால் ஓட வேண்டும், 'யாமே' என்றால் நிற்க வேண்டும். சண்டையை ரசிக்கத் தொடங்கியவர் பொத்தானை அழுத்தத் தாமதிப்பார். கடைசி 15 விநாடிக்கு ஒலி எழுப்புவதும் அவர் பொறுப்பு. சமநிலையில் முடிந்தால் முதல் புள்ளி எடுத்தவருக்கு 'சென்ஷு' என்ற சலுகை வெற்றி தரும். அந்தக் கடைசி விநாடிகளில் சண்டையைத் தவிர்த்து ஓடினால் அது பறிபோகும். அப்போது கடிகாரம் 16 காட்டியதா 14 காட்டியதா என்பதே முடிவை மாற்றிவிடும். விழுந்தவர் எழ 10 விநாடி. 7 ஆனதும் எச்சரிக்கை ஒலி, 10 ஆனதும் மணி.

புள்ளி எழுதுவது கணக்கில் எளிது. குத்துக்கு 1, உடம்பில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3; 8 புள்ளி முந்தினால் ஆட்டம் முடிந்தது. சிவப்புக்கு உரியதை நீலத்துக்கு எழுதிவிடாமல் இருந்தால் போதும். தண்டனைகளைக் குறிப்பதில்தான் பலர் அசட்டையாக இருப்பார்கள். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதியில் சவூதி வீரர் தாரிக் ஹமீதி 4-1 என முன்னிலையில் இருந்தார். அவருடைய உதையில் ஈரானின் சஜாத் கஞ்ஜாதே மயங்கி விழ, கட்டுப்பாடில்லாத தாக்குதல் என்று ஹமீதி தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தங்கம் விழுந்தவருக்குப் போனது. புள்ளிப்பலகையை மட்டும் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

சிலம்பத்தில் மாணவர் உதவி வேறு விதம். தனித்திறன் வீச்சில் நடுவர்கள் தரும் மதிப்பெண் தாள்களை வாங்கிக் கூட்ட வேண்டும். கம்புச் சண்டையில் தொடுபுள்ளிகளை எண்ண வேண்டும். ஆடுபவரின் நெற்றி உயரத்துக்குக் கம்பு இருப்பது மரபு. ஆசான்களின் வழக்கம் ஊருக்கு ஊர் மாறுவதால், அன்றைய போட்டி விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. 2024 ஜனவரி 19 முதல் 31 வரை சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்கப் போட்டியாக முதன்முறை இடம்பெற்றது. அதன் பிறகு எழுத்து விதிகளை அறிந்த உதவியாளர்களின் தேவை கூடியிருக்கிறது.

தன் வகுப்புப் பையன் மேட் மேல் ஏறும்போது மேசையை வேறொருவரிடம் கொடுப்பது முறை. உலகப் போட்டிகளிலும் வீரரின் நாட்டவர் அந்த ஆட்டத்துக்கு நடுவராக இருப்பதில்லை. கைதட்டுவதும், மேசையிலிருந்து 'விடாதடா' என்று கத்துவதும் கூடாது. தவறு நேர்ந்துவிட்டால் மறைக்காமல் உடனே எழுந்து மேசைப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அடுத்த ஆட்டம் தொடங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் உழைக்க வேண்டும்; இந்தப் பணி அதில் சேருமா என்பதைக் கல்லூரித் திட்ட அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம். நடுவராக விரும்புகிறவர்கள் சில ஆண்டுகள் மேசையில் உட்கார்ந்து, பிறகு சங்கம் நடத்தும் விதித்தேர்வை எழுதி மேட் ஏறுகிறார்கள்.