வெள்ளைபடுதலுக்குத் தயிர் மருந்தாகுமா?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் இடம்பெயர்ந்த எமது பெண்களுக்கு, மறைவாகக் குளிக்கவோ மாதவிலக்குத் துணியை வெயிலில் உலர்த்தவோ இடமிருக்கவில்லை. வெள்ளைபடுதலும் கடியும் வந்தபோது, அதைச் சொல்லவும் ஆளிருக்கவில்லை. குருவானவர் இதை எழுதலாமா என்று கேட்போர் இருக்கலாம். உடம்பின் நோயைப் பேச வெட்கப்பட என்ன இருக்கிறது?

இந்நோய்க்குத் தயிர் நல்லதென்று சொல்வோர் உண்டு. முழுப் பொய்யல்ல. 1892இல் ஜேர்மனிய வைத்தியர் டொடர்லைன், சுகமான பெண்ணின் யோனியில் ஒருவகைப் பற்றீரியாக்கள் வாழ்வதைக் கண்டறிந்தார். அவை லக்ரிக் அமிலத்தைச் சுரந்து, அவ்விடத்தைப் புளிப்பாக வைத்து, நோய்க்கிருமிகளை அண்டவிடுவதில்லை. தோட்டம் செய்வோருக்கு இது விளங்கும். கண்டபடி மருந்தடித்தால் பூச்சியோடு மண்ணின் நல்ல உயிர்களும் சாகின்றன அல்லவா? சவர்க்காரத்தாலோ டெற்றோலாலோ உள்ளே கழுவுவதும் அப்படித்தான். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

ஆனால் தயிரிலுள்ள பற்றீரியா வேறு, யோனியைக் காப்பது பெரும்பாலும் வேறு. தயிரை உண்ணுங்கள், நல்ல உணவு, உள்ளே பூசவேண்டாம். அமெரிக்காவில் 228 பெண்களுக்கு முதலில் மருந்து கொடுத்து, பின்னர் ஒரு பகுதியினருக்கு யோனிக்குரிய பற்றீரியாவையே வைத்துப் பார்த்தார்கள். 12 வாரத்தில் அவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு நோய் திரும்பியது. மற்றவர்களில் 45 பேருக்கு. 2020இல் வெளிவந்த முடிவு இது. உதவிதான், ஆனால் மருந்துக்கு மாற்றல்ல.

மீன்வாடையுடன் சாம்பல் நிறமாகப் படுவது ஒரு நோய். தயிர்க்கட்டி போலப் பட்டுக் கடித்தால் பெரும்பாலும் பங்கசு. நீரிழிவுள்ளோருக்கு அடிக்கடி வரும். மஞ்சள், பச்சை நிறத்தில் நுரைத்துப் படுவது வேறொன்று. அதற்குக் கணவனும் சேர்ந்தே மருந்தெடுக்க வேண்டும். எடுக்க மறுக்கும் ஆண்கள் இதை இருமுறை வாசிக்கட்டும்! ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்குப் பலிக்காமல் போகலாம். ஆகையால் பக்கத்துவீட்டுக்காரி பாவித்த குளிசையை வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகள் தாமதிக்கவே கூடாது. சில தொற்றுகளோடு குறைமாதப் பிரசவமும் தொடர்புபட்டுள்ளது.

சுகவனிதையர் கிளினிக்குகள் இலங்கையில் 1996 முதல் நடைபெறுகின்றன. கட்டணமில்லை. 35 வயதானோருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அங்கே உண்டு. நாளையும் இடத்தையும், நீங்கள் இப்போது வசிக்கும் பகுதியின் குடும்பநல மருத்துவமாது சொல்லுவார்.