புத்தி சொல்லாத காது

சென்னை ராஜா அண்ணாமலைபுரம் பார்க் வியூ சாலையில் இருக்கிறது ‘சிநேகா’. வாழவே பிடிக்கவில்லை என்று வருகிறவரை உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள். மருந்துச் சீட்டு கிடையாது, கட்டணம் கிடையாது. 1986-இல் இதைத் தொடங்கியவர் லட்சுமி விஜயகுமார். அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தலைமை வகித்த மருத்துவர். மருந்து எழுதத் தெரிந்தவர், மருந்தில்லாத இடம் ஒன்றை ஏன் தொடங்கினார்?

வயிற்றுவலி என்று எழுதிய காலம்

அன்று உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவர் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவில் வழக்கு வரும். ஓராண்டு வரை சிறை. வீட்டார் பயந்துபோய் ‘தீராத வயிற்றுவலி’ என்பார்கள். அந்தச் சொல்லைப் பத்திரிகையில் பார்த்தாலே ஊருக்கு உண்மை புரியும். உடம்பைத் தேற்றி அனுப்பிவிடுவார்கள், மனசை யாரும் தொடமாட்டார்கள். மனநல மருத்துவரிடம் போனாலோ, மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தை வைத்து ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்ற பெயர். ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குகிறவருக்கு ஆஸ்பத்திரி அல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது. லண்டனில் சாட் வாரா 1953-இல் தொடங்கிய ‘சமாரிட்டன்ஸ்’ அதற்கு வழிகாட்டியது: பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், ரகசியம் காத்து, காது கொடுத்துக் கேட்பது.

கேட்பது சுலபமில்லை. பிளஸ் டூவில் தோற்ற பையன் “எல்லாம் போச்சு” என்றதும் நம் வாயில் என்ன வரும்? “பரீட்சைதானேடா, இதுக்குப் போயா?” ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறோம். அவன் அத்தோடு வாயை மூடிக்கொள்வான். “ரொம்ப கஷ்டமா இருக்கா? சொல்லுப்பா” என்று கேட்டுவிட்டு நாம் சும்மா இருந்தால், ரிசல்ட்டைவிட அப்பா முகத்தைப் பார்ப்பதுதான் அவனுக்குப் பயம் என்பது வெளியே வரும். தோற்ற மாணவர்கள் ஓராண்டை இழக்காதிருக்க உடனடி மறுதேர்வு வேண்டும் என்று சிநேகா வலியுறுத்தியதும் இப்படிக் கேட்ட கதைகளிலிருந்துதான். அது பிறகு நடைமுறைக்கும் வந்தது.

திரும்பத் திரும்ப விசாரித்தால்

கேட்பதால் உயிர் பிழைக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்துக்காகச் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று சிகிச்சைக்கு வந்த 1,867 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரிப்பும். முதல் பிரிவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். அதிகச் செலவில்லாத இந்த விசாரிப்பு இன்னும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வழக்கமாகவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

2004 சுனாமிக்குப் பின் பட்டினப்பாக்கத்தை ஒட்டிய சீனிவாசபுரத்திலும் இதே முறைதான். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசினார்கள்.

அதற்காக மருந்து வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கமும் பசியும் போய், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். காதில் குரல் கேட்கிறது என்றால் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். பரிகாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால்

“நான் இல்லாட்டா உங்களுக்கு நிம்மதி” என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போலீஸ் பயம் இன்று தேவையில்லை. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

சிநேகா எண் 044-24640050. அரசின் மனநல உதவி எண் ‘டெலி மானஸ்’ 14416. இந்த அரசு எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. கவலைப்படும் வீட்டாரும் கூப்பிடலாம்.